மாதிரித் தேர்வின் மறுநாள்

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கும் கவிதா டீச்சர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக இருந்த பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர். இந்த வருஷம் அவரைத் தேர்வுப் பொறுப்பாசிரியர் ஆக்கியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வை எப்போது வைப்பது என்று ஆசிரியர் அறையில் சண்டையாம்.

“பொங்கலுக்கு முன்னாடியே முடிச்சிடணும்னு அஞ்சு பேர் சொல்றாங்க சார். பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வெச்சாதான் படிச்சது மனசுல நிக்கும்னு நாலு பேர் சொல்றாங்க. வாராவாரம் சனிக்கிழமை வெச்சிடலாம்ங்கறாரு தமிழய்யா.”

“எச்.எம். என்ன சொல்றார்?”

“நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு எங்கிட்ட சொல்லுங்கன்னுட்டார்.”

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனில் பேசினால் நடுவில் சார்ஜ் போய்விடுமோ என்ற கவலையிலேயே பாதி விஷயம் எனக்கு விட்டுப்போகும். எழுதினால் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. பி.எட். முடித்து வேலைக்காகக் காத்திருந்தது, டியூஷன் எடுத்தது, முதல் ஆணை வந்தபோது அப்பா அதை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்து மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னது எல்லாம் எல்லோர் வாழ்க்கையிலும் நடப்பதுதான். முப்பத்து நான்கு வருஷம், ஆறு பள்ளிகள். அதில் ஐந்தில் தேர்வு வேலை என் தலையில்தான் விழுந்தது. நான் எண்ணிப் பார்க்காமல் எதையும் விடுவதில்லை என்பதால் எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் என்னைப் பிடிக்கும். எல்லா ஆசிரியர்களுக்கும் பிடிக்காது.

மாதிரித் தேர்வை எப்போது வைக்கக் கூடாது என்பதை நான் என் முதல் பள்ளியிலேயே கற்றுக்கொண்டேன். அங்கிருந்த தலைமையாசிரியர் வெளியூர்க்காரர். மயானக் கொள்ளைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அறிவியல் தாளை வைத்தார். இரவெல்லாம் பம்பை மேளக்காரர்கள் பின்னால் சுற்றிய பிள்ளைகள் முகத்தில் பாதி கலைந்த மஞ்சளும் குங்குமமுமாக வந்து உட்கார்ந்தார்கள். நாற்பத்தொரு பேரில் பதினேழு பேர் தாளின் மேலேயே கவிழ்ந்து தூங்கினார்கள். ஒருவன் எழுந்து, தூக்கத்திலேயே, “தண்ணி ஊத்துங்கடா” என்றான். அன்றிலிருந்து நாள்காட்டியோடு உள்ளூர்க் கோயில் பூசாரியையும் கேட்காமல் நான் தேதி குறித்ததில்லை.

தமிழய்யா சொல்லும் சனிக்கிழமைத் திட்டத்தையும் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையோரப் பள்ளி ஒன்றில் ஒரு பருவம் முழுக்க வாராவாரம் தேர்வு. முதலில் மதிப்பெண் ஏறியது, பிறகு அப்படியே நின்றது, அதன் பிறகு இறங்கியது. பிள்ளைகளுக்குத் தேர்வு பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. கேள்வி தயாரித்துத் தயாரித்து எனக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு பையன் ஒரு கேள்வி எண்ணைப் போட்டு, அதற்கு நேராக இப்படி எழுதியிருந்தான்: ‘ஐயா, இந்தக் கணக்கை ஏற்கெனவே மூன்று சனிக்கிழமை செய்துவிட்டேன். போன வாரத் தாளைப் பார்த்துக்கொள்ளவும்.’ போன வாரத் தாளை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் செய்திருந்தான்.

ஆனால் கவிதா டீச்சருக்கு நான் சொல்ல வந்தது கல்வராயன் மலையில் நடந்தது.

அப்போது எங்கள் ஊர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கினார்கள். எனக்கு அங்கே மாறுதல் வந்தது. நான் அங்கே சேர்ந்த வருஷம்தான் அந்தப் பள்ளியின் முதல் பத்தாம் வகுப்பு. இருபத்து மூன்று பிள்ளைகள். அந்த இருபத்து மூன்று வீடுகளில் ஒன்றில்கூட அதற்கு முன் யாரும் பொதுத்தேர்வு எழுதியதில்லை. தேர்வு என்றால் எப்படி இருக்கும் என்று வீட்டில் சொல்ல ஆள் கிடையாது.

தலைமையாசிரியர் ரஹீம் சார். கள்ளக்குறிச்சியில் அவர் குடும்பத்துக்கு இரும்புக் கடை. அண்ணன் தம்பி நாலு பேரில் இவர் ஒருவர்தான் கடைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் பக்கம் வந்தவர். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. யார் மேலாவது கோபம் வந்தால், அவரை எதிரில் உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து தம் கையாலேயே டீ ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த டீயைக் குடிப்பதைவிடத் திட்டு வாங்கிவிடலாம். நான் அந்தப் பள்ளியில் மொத்தம் ஆறு முறை குடித்திருக்கிறேன்.

மாதிரித் தேர்வு பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “புள்ளைங்களுக்குப் பாடம் தெரியாம பெயில் ஆவறது கம்மி சார். பயந்து பெயில் ஆவறதுதான் ஜாஸ்தி. ஹால் எப்படி இருக்கும், கவர் எப்படிப் பிரிப்பாங்க, யாரு வந்து நிப்பாங்க, எல்லாத்தையும் ஒருவாட்டி காட்டிட்டா பயம் போயிடும்” என்றார். அதனால் ஒரு நூல் பிசகாமல் பொதுத்தேர்வு மாதிரியே நடத்த வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்து எல்லாப் பிள்ளைகளையும் படம் எடுத்து, அந்தப் படத்தை ஒட்டி ஹால் டிக்கெட் அச்சடித்தார். ‘மாதிரித் தேர்வு’ என்று மேலே பெரிதாகத்தான் போட்டிருந்தோம். பெஞ்சில் சுண்ணாம்புக்கட்டியால் பதிவு எண் எழுதினோம். எங்கள் ஆசிரியர்கள் யாரும் ஹாலுக்குள் போகக் கூடாது. கீழே இருந்து அறிமுகம் இல்லாத நான்கு ஆசிரியர்களைக் கண்காணிக்க வரவழைத்தார். கேள்வித்தாளைத் தயாரித்தவன் நானேதான் என்றாலும், அதை உறையிலிட்டு அரக்கு வைத்து, பீரோவில் பூட்டி, சாவியை என்னிடமே காட்டாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அரக்கு, அவர் அண்ணன் கடைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது.

காலையில் மணி அடித்ததும் இரண்டு பிள்ளைகளை முன்னால் அழைப்பார். “நல்லாப் பாருங்க. அரக்கு முழுசா இருக்குதுங்களா? எங்கயாவது பிரிச்ச அடையாளம் தெரியுதுங்களா?” என்று, முந்தின நாள் வரை ‘வாடா போடா’ என்று பேசிய பிள்ளைகளிடம், ‘ங்க’ போட்டுக் கேட்பார். அவர்கள் பயந்துபோய்த் தலையாட்டுவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, புது பிளேடால் உறையின் ஓரத்தை ஆப்பரேஷன் செய்வதுபோல மெதுவாகக் கீறுவார். முதல் பத்து நிமிஷம் கேள்வியைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிஷம் விவரங்களை நிரப்ப. கூடுதல் தாளையும் வரைபடத்தாளையும் விடைத்தாளோடு நூலால் கட்டித் தர வேண்டும். கட்டாத தாளுக்கு மதிப்பெண் கிடையாது. ஒருநாள் அவருடைய நண்பர் ஒருவர், வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஜீப்பில் வந்து பறக்கும் படையாக நடித்துவிட்டுப் போனார். பிள்ளைகளின் பாக்கெட்டைத் தடவிப் பார்த்ததில் இரண்டு பேரிடம் நெல்லிக்காய் இருந்தது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் இது பெரிய விஷயம் என்று ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் காதுகுத்துக்குக் கட்டியிருந்த மைக் செட்டைத் தேர்வு நாள் முழுக்க நிறுத்தச் சொன்னார். பெண்கள் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வரிசையில் நிற்க வைத்து ஊற்றினார்கள். ஏழு தாளும் முடிந்த வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் பேனா மையைத் தெளித்துக்கொண்டு ஓடினார்கள். கீழ்நாட்டில் பொதுத்தேர்வு கடைசி நாளில் செய்வது இது என்று அவர்களுக்குச் சொந்தக்காரப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். “எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க” என்றார் ரஹீம் சார். எனக்கு மட்டும் அந்த மை துவைத்தால் போகுமா என்று கவலையாக இருந்தது.

மறுநாளிலிருந்து படிப்பு விடுமுறை. கீழே எல்லாப் பள்ளிகளிலும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். நாங்களும் விட்டோம்.

உண்மையான ஹால் டிக்கெட் வந்த அன்று எல்லோரையும் பள்ளிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். வந்தவர்களை எண்ணினேன். பதினான்கு பேர். திரும்ப எண்ணினேன். பதினான்குதான். மற்ற ஒன்பது பேரும் தூரத்துக் குக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

ரஹீம் சாரை என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். முதலில் போனது அலமேலுவின் வீடு. அந்த வகுப்பிலேயே கணக்கு அவளுக்குத்தான் கையில் வந்தது. வீட்டில் அவள் பெரியப்பா மட்டும் இருந்தார். ஹால் டிக்கெட் கொடுக்க வந்தோம் என்றேன்.

“ஹால் டிக்கெட்டா? இன்னா சார், அதத்தான் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிக்கினு இருக்கம், பாருங்க.”

உள்ளே முருகன் படத்துக்கும் அவர்கள் குலசாமி படத்துக்கும் நடுவில், சட்டம் போட்டு, பொட்டு வைத்து, எங்கள் மாதிரித் தேர்வு ஹால் டிக்கெட் தொங்கியது.

“அது மாதிரிங்க. இதுதான் நிஜம்.”

“அதான் எழுதி முடிச்சிட்டாளே சார். ஜீப்பெல்லாம் வந்துதே.”

“அலமேலு எங்க?”

“பரிட்ச முடிஞ்சிதுன்னு அவ அப்பன்கூட கரும்பு வெட்டப் பூட்டா. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம்.”

ரஹீம் சார் வெளியே வந்து என் வண்டியில் சாய்ந்து நின்றார். ஒவ்வொரு நாள் காலையும் பிள்ளைகளை நிற்க வைத்து அவர் சொன்னது எங்கள் இருவருக்குமே ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. ‘இதை மாதிரித் தேர்வுன்னு நினைக்காதீங்க. இதுதான் பொதுத்தேர்வுன்னு நினைச்சு எழுதுங்க.’ பாதிப் பிள்ளைகள் அதை நம்பினார்கள். மீதிப் பேர் நம்ப ஆசைப்பட்டார்கள். பரீட்சை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எந்தப் பிள்ளைதான் மறுத்துப் பேசும்?

“ஒம்பது பேரு ஜாஸ்தி சார்” என்றார் அவர். “ஒருத்தரையும் விடக் கூடாது.” அடுத்து வந்த புதன்கிழமை பொதுத்தேர்வின் முதல் தாள்.

எட்டுப் பேரைப் பிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. மூன்று பேர் கடுக்காய் பொறுக்கக் காட்டுப் பக்கம் போயிருந்தார்கள். மாலையில் மூட்டையோடு வந்து மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மாமன் வீட்டில் விருந்துச் சாப்பாட்டில் இருந்தார்கள். ஒருவன் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் டேபிள் துடைக்கச் சேர்ந்திருந்தான், எங்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், “வாங்க சார், ரெண்டு டிபனா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அலமேலுதான் கிடைக்கவில்லை. கரும்பு வெட்டும் ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பவர்கள் அல்ல. ஆலையிலிருந்து எந்த வயலுக்கு உத்தரவு வருகிறதோ அங்கே போவார்கள். அந்த வயலோரத்திலேயே தோகையால் குடிசை போட்டுத் தங்குவார்கள். வெட்டி முடித்ததும் அடுத்த வயல். சங்கராபுரம் வழியாக மூங்கில்துறைப்பட்டுக்குப் போய், ஆலை வாசலில் கரும்போடு காத்திருந்த வண்டிகளை ஒவ்வொன்றாக விசாரித்தோம். முப்பத்தேழு டிராக்டர், பன்னிரண்டு மாட்டுவண்டி. “மலை ஆளுங்க வெட்டின லோடு எது?” என்று கேட்டுக்கொண்டே போனேன். இருபத்தெட்டாவது டிராக்டர்க்காரர் வாயிலிருந்த கரும்பைத் துப்பிவிட்டு, வழி சொன்னார்.

நாங்கள் போனபோது வயலில் பாதி வெட்டாகியிருந்தது. ஆறு ஜோடிகள். ஒருவர் அடிக்கரும்பை வெட்டிச் சாய்க்க, இன்னொருவர் தோகை கழித்து, நுனி நறுக்கி, கட்டாகக் கட்ட வேண்டும். அலமேலு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவள் அப்பா அண்ணாமலை வெட்டிப் போட்டதைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து வரிசையில் அவள் அத்தை குப்பம்மா.

நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாமலை அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“ஏழு நாளு எழுதினா சார். ஊரே மைக் செட்ட நிறுத்திச்சி. இப்ப வந்து அது பொய்ப் பரிட்சன்றீங்க. எத்தினி வாட்டிதான் எழுதறது?”

“இது ஒருவாட்டிதாங்க. இதுதான் கவர்மென்ட் பரீட்சை.”

“அன்னிக்கும் அத்தத்தான சொன்னீங்க. ஏம்மா, சொன்னாங்களா இல்லியா?”

“இதான் பொதுத்தேர்வுன்னு நெனச்சிக்கோங்கன்னு ஹெட்மாஸ்டர் சார் தெனமும் சொன்னாரு” என்றாள் அலமேலு தரையைப் பார்த்துக்கொண்டு. ரஹீம் சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, மடித்து, மறுபடி துடைத்தார்.

“செரி, எழுதினதுக்கு மார்க் இன்னா? பாஸா பெயிலா? அத்த மொதல்ல சொல்லுங்க” என்றார் அண்ணாமலை.

நியாயமான கேள்வி. அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. விடுமுறைதானே என்று மற்ற ஆசிரியர்கள் தாள்களைக் கட்டிப் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் திருத்தி முடித்திருந்தேன். அதுவும் பொறுப்பினால் என்று சொல்ல முடியாது. திருத்தாத தாள் வீட்டில் இருந்தால் கரையான் அரித்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் வராது. ஒன்பது பேரின் கணக்குத் தாளும் பையில் இருந்தது. அலமேலுவுடையதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அறுபத்தெட்டு.

“பாஸ்” என்றாள் அப்பாவிடம்.

“அப்பறம் இன்னா? அதான் பாஸு பண்ணிட்டா இல்ல!” அண்ணாமலை அரிவாளை ஓங்கி அடுத்த கரும்பில் வைத்தார்.

ஆனால் அவள் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முகம் மாறியது.

“சார், கிராப்புக்கு சைபர் போட்டிருக்கீங்க.”

“கிராப் இல்லையேம்மா.”

“போட்டேன் சார்! நான் மொதல்ல போட்டதே அதான்!”

பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன். இருபத்து மூன்று விடைத்தாளில் இருபத்து இரண்டில்தான் வரைபடம் கட்டியிருந்தது. தனியாக ஒரு வரைபடத்தாள், பெயரும் எண்ணும் இல்லாமல் கிடந்தது. அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவு எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தன.

“என்னுது சார்! இது என்னுது!”

“படம் சரிதாம்மா. கட்டலையே.”

அவள் அந்தத் தாளையும் இந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். குப்பம்மா வரிசையை விட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தது.

“ஏண்டி, காலைலேருந்து எத்தினி கட்டு கட்டியிருக்க? ஒத்தக் காயிதத்தக் கட்டத் தெரியலியா ஒனக்கு?”

“சும்மா இரு அத்த!” அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. “பத்து மார்க்கு.”

அண்ணாமலைக்குத்தான் புரியவில்லை. “அவ போட்ட படம் அங்கியே இருக்குதே சார். செரியாவும் போட்டிருக்கான்றீங்க. அப்பறம் ஏன் சைபரு?”

“கட்டலைன்னா யாரோடதுன்னு தெரியாதுங்க. அங்க திருத்தறவரு இவளப் பாத்ததே இல்ல. தனியாக் கெடந்தா கணக்குல சேக்கமாட்டாரு.”

 அண்ணாமலை அரிவாளைக் கரும்புக் கட்டின் மேல் வைத்தார். “மேஸ்திரி மாதிரின்னு சொல்லுங்க. நாள் பூரா வெட்டிச் சாச்சாலும் கட்டாத கரும்பு நம்ப கணக்குல ஏறாது. எவனோ வெட்டினதுன்னுட்டு போய்க்கினே இருப்பான்.”

“அதேதாங்க” என்றார் ரஹீம் சார். 

“அப்பா” என்றாள் அலமேலு. “நான் எழுதறேன்.”

“நீ பூட்டா எனக்கு ஜோடி? ஒத்தையா வெட்டினா லோடு எப்ப ஏத்தறது? மத்தவங்க எனக்காக நிப்பாங்களா?”

“ஏண்ணா, நான் இன்னா செத்தா பூட்டேன்?” என்றது குப்பம்மா. “என்னுதையும் கட்டி ஒன்னுதையும் கட்டறேன். நீ கொஞ்சம் மெதுவா வெட்டு. இப்ப மட்டும் இன்னா, புயலாட்டமா வெட்டிக்கினு இருக்க?” சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாமலையும் சிரித்துவிட்டார். குப்பம்மா எங்கள் பக்கம் திரும்பி விரலை நீட்டியது. “சார், இதான கடைசி? இது முடிஞ்சதும் இன்னொரு ஜீப்பு வந்து, ‘இதுவும் பொய்யி’ன்னுச்சின்னு வையுங்க, ஒங்களயும் ஒக்கார வெச்சிக் கட்டு கட்ட வுட்டுடுவேன்.”

மறுநாள் தானே கூட்டிக்கொண்டு வருவதாக அண்ணாமலை சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. காலையிலிருந்து பள்ளிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் நின்று இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் பஸ்ஸில் நால்வர், அவள் இல்லை. இரண்டாவதில் ஏழு பேரும் ஒரு ஆடும், அவள் இல்லை. மூன்றாவதில் அப்பாவும் பெண்ணும் இறங்கினார்கள். அவள் மணிக்கட்டில் வெள்ளை நூலைச் சுற்றியிருந்தாள்.

“அங்க நூலு குடுப்பாங்கம்மா.”

“இருக்கட்டும் சார். என்னுது இருந்தா எனக்கு மறக்காது.”

இருபத்து மூன்று பேரும் எழுதினார்கள். கணக்குத் தாள் முடிந்து அவள் வெளியே வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான்.

“கட்டினியா?”

“ரெண்டு முடிச்சுப் போட்டேன் சார். கண்காணிக்கிற டீச்சரு, பிரிக்கறவங்க பாவம்மான்னாங்க.”

கவிதா டீச்சர், உங்கள் ஆசிரியர் அறைக்கு என் பதில் இதுதான். பொங்கலுக்கு முன்னா, தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னா என்று சண்டை போட வேண்டாம். மாதிரித் தேர்வின் மறுநாள் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அலமேலுவை வயலிலிருந்து எழுப்பியது அரக்கோ ஜீப்போ என் பேச்சோ இல்லை, திருத்திய தாள். அதனால் அடுத்த வருஷம் நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் தேர்வு வைத்தோம். முந்தைய தாள் பிள்ளை கையில் போகாமல் அடுத்த தாள் கிடையாது. கடைசித் தாள் செவ்வாய் அல்லது புதனில் முடியும்படி போட்டோம். வெள்ளியில் முடிக்கவே கூடாது. எந்த விடுமுறையையும் ஒட்டி வைக்கவில்லை. கரும்புக்கும் கடுக்காய்க்கும் ஆட்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று வீடுகளில் கேட்டுவிட்டுத்தான் மாதத்தையே முடிவு செய்தோம். உங்கள் பக்கம் நெல் அறுப்பு, உளுந்து பறிப்பு, கோயில் கொடியேற்றம் என்று வேறு இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். ரஹீம் சார் காலையில் சொல்லும் வாசகத்தையும் மாற்றிவிட்டார். “இது பொய்ப் பரீட்சை. தப்பெல்லாம் இங்கயே செஞ்சி முடிச்சிடுங்க” என்பார். பிள்ளைகள் அதையும் அப்படியே செய்தார்கள்.

முடிவு வந்த நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் மறுபடி போன் செய்வீர்கள். இருபத்தொரு பேர் தேர்ச்சி. இருவர் ஆங்கிலத்தில் போனார்கள். துணைத்தேர்வில் எழுதி வந்துவிட்டார்கள். அலமேலு கணக்கில் எண்பத்தேழு. கரும்பு வெட்டு முடிந்து மலைக்குத் திரும்பியிருந்த அண்ணாமலை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மகளோடு பள்ளிக்கு வந்தார். மதிப்பெண்ணைச் சொன்னோம். தலையாட்டினார். ஆனால் கிளம்பவில்லை. தலைமையாசிரியர் மேஜைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“என்னங்க வேணும்?” என்றார் ரஹீம் சார்.

“பேப்பருங்க. எண்பத்தேழு எடுத்தா செரி, மீதி பதிமூணு எங்க வுட்டான்னு பாக்கணும் இல்ல.”

அப்போதெல்லாம் பத்தாம் வகுப்பு விடைத்தாளை யாரும் திருப்பித் தருவதில்லை. அதை நான் சொன்னேன்.

“தரமாட்டாங்களா? அப்பறம் எதுல தப்பு வுட்டான்னு எப்பிடித்தான் தெரியும்?”

“தெரியாதுங்க.”

“இன்னா சார் பரிட்ச அது?” அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “அந்தப் பொய்ப் பரிட்சயே மேல் போல இருக்குதே.”

ரஹீம் சார் பிளாஸ்கைத் திறந்து அவருக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றினார். கோபம் இல்லாமல் அவர் டீ ஊற்றி அன்றுதான் பார்த்தேன்.

“ப்ளஸ் ஒன்னுலயும் பொய்ப் பரிட்ச வெப்பாங்கப்பா” என்றாள் அலமேலு சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“எது? பேப்பரு திருப்பிக் குடுக்கறதா?”

“ஆமா.”

அவர் ஒரு வாய் டீ குடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “எப்ப சார் வெப்பாங்க? கரும்பு வெட்டுக்கு மின்னாடியா, பின்னாடியா?”